நீலப் பனி

பனி நிறைந்த பிளாஸ்டிக் தொட்டியை இடுப்பில் ஏந்தியபடி மார்னி பின்கதவைக் காலாலேயே உதைத்துச் சாத்தினாள். அதற்குள் வெளிக்குளிர் உள்ளே புகுந்து சமையலறைத் தரை முழுக்கப் பரவிவிட்டது. தரையில் கரடி பொம்மையோடு உட்கார்ந்திருந்த ஐவி நிமிர்ந்து பார்க்கவில்லை. கரடியின் காதில் என்னவோ முணுமுணுத்தாள். பிறகு அதை மார்னி பக்கம் திருப்பி வைத்து, "பட்டனுக்குக் குளுருதாம். கதவை மூடச் சொல்றான்," என்றாள்.

"மூடியாச்சுன்னு பட்டன்கிட்ட சொல்லு."

ஐவி கரடியிடம் சொன்னாள். கரடி ஒத்துக்கொண்டது போலிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். மூன்றரை வயதுப் பிள்ளை, அப்பன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் புதிதாகக் கட்டிக்கொண்டவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. பசித்தால் பட்டனுக்குப் பசிக்கும், மூத்திரம் வந்தால் பட்டனுக்கு வரும். பேர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது. "பிள்ளைதானே, போகப் போகச் சரியாயிடும் விடு," என்பான் டேரில். அவனுக்கென்ன, அவன் மடியில்தான் அது நாள் முழுக்க ஏறிக் குதிக்கிறதே. மார்னி கல்யாணத்துக்கு முன் ஒரு மழலைப் பள்ளியில் ஆயாவாக இருந்தவள். ஊரான் பிள்ளைகள் இருபது பேர் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். சொந்த வீட்டில் ஒன்று முகம் கொடுக்க மாட்டேன் என்கிறதே என்ற ஆற்றாமை அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அன்று மைனஸ் முப்பத்தைந்து டிகிரி குளிர். பள்ளி பஸ்கள் கிளம்பவில்லை, மழலைப் பள்ளியை மூடிவிட்டார்கள். டேரில் இருட்டோடு எழுந்து நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரியோடு போய்விட்டான். பிள்ளையைப் பெற்ற ஷெல்பிக்கு இரண்டு தெரு தள்ளித் தீவனக் கடையில் வேலை, லீவு கிடையாது. வேறு போக்கிடம் இல்லாமல்தான் காலையில் ஐவியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். வண்டியை அணைக்கவுமில்லை, உள்ளே வரவுமில்லை.

"அஞ்சு மணிக்கு வருவேன். மத்தியானம் மாக்கரோனி குடுத்தாப் போதும். நாள் பூரா டி.வி. முன்னாடி உக்கார வெக்காதே."

"இல்லைங்க. பனி வெச்சு ஒரு விளையாட்டு யோசிச்சு வெச்சிருக்கேன். உள்ளே கொண்டாந்து, தொட்டுப் பாத்து..."

"பனியா? வாசல்ல மலை மாதிரி கெடக்கு, பத்தாதுன்னு அதை வீட்டுக்குள்ள வேற கொண்டாறணுமா?" ஷெல்பி சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தினாள். "போட்டோ, வீடியோ ஒண்ணும் கூடாது. ஊருக்கெல்லாம் காட்டி நல்ல பேரு வாங்க என் பிள்ளைதான் கிடைச்சுதா உனக்கு? பிப்ரவரியில கேஸ் வருது. ராத்திரியும் அவ இங்க தங்கணும்னு உன் புருஷன் கேட்டிருக்கான். ஒரு கீறல் இருந்தாக்கூட நேரா வக்கீல்கிட்டதான் போவேன். சொல்லிட்டேன்."

"சரிங்க," என்றாள் மார்னி. மூத்தவளிடம் அவளுக்குப் பயம்தான். அதை மறைக்கவும் தெரியாது.

ஷெல்பி சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பனியைத் தள்ளித் தள்ளி இடுப்பு ஒடிந்த ஊர் இது. டேரிலுக்குச் சம்பளம் கொடுப்பதே அதை ஓரம் கட்டுவதற்குத்தான். ஆனால் பிள்ளைக்குத் தெரியுமா அந்த அலுப்பு? மார்னி தொட்டியைத் தரையில் விரித்த துண்டின் மேல் வைத்து, கரண்டிகளும் கேக் சுடும் குழித்தட்டும் பைன் காய்களும் எடுத்துப் போட்டாள். பனியின் மேல் புதினா எசன்ஸ் தெளித்தாள். சமையலறை முழுக்க மிட்டாய் வாசனை கிளம்பியது. ஐவியின் மூக்கு சுருங்கி விரிந்தது. கையுறையைத் தானே மாட்டிக்கொண்டு தவழ்ந்து வந்து, ஒரு விரலால் பனியைக் குத்திப் பார்த்தாள். கிறிச்சென்று ஒரு சத்தம். மறுபடி குத்தினாள்.

"பட்டனுக்குப் பிடிச்சிருக்காம்," என்றாள்.

மார்னிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். போனை எடுத்துச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, வீடியோவைத் தட்டிவிட்டாள். இணையத்தில் அவளைப் போன்ற அம்மாக்கள் சில நூறு பேர் அவள் விளையாட்டுகளைப் பார்ப்பார்கள், நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். கைகள் மட்டும்தான் வரும், முகத்தை வெட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்தது கலர். முதல் நாள் மாலையே ஸ்ப்ரே பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, சமையல் கலர் கலந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று தயார் செய்திருந்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் பனி கரைந்துவிடும் என்பதால், பூட்ஸ் கழற்றும் முன்னறைத் தட்டில் குளிர வைத்திருந்தாள். இப்போது போய் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். ஐவி இரண்டு கையாலும் பிடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு அமுக்கினாள். வெளியிலிருந்து அப்போதுதான் வந்த பனி கல்லாகக் குளிர்ந்திருந்ததால், சிவப்புத் தண்ணீர் விழுந்த இடமெல்லாம் அப்பளம் மாதிரி உறைந்து ஓடு கட்டியது. மஞ்சளும் அப்படியே. கரண்டியால் தட்டினால் மொறுமொறுவென்று உடைந்தது. நீலம் மட்டும் ஓடு கட்டவில்லை. விழுந்த இடத்தில் பனி இளகிக் கூழாக நின்றது.

"ஸ்லஷ்!" என்றாள் ஐவி. கடையில் நெகிழிக் கோப்பையில் நீலமாக விற்பார்களே, அந்த ஐஸ் சர்பத். குளிர் எத்தனை மைனஸ் ஆனாலும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் ஆகாது.

"ஆமாடா, ஸ்லஷ்தான். கடை போடு. பட்டனுக்கு ஒரு கோப்பை குடு," என்றாள் மார்னி. பிள்ளையின் கையுறை தொப்பலாக நனைந்திருந்தது. துணி உலர்த்தும் மெஷினில் வேறு ஜோடி கிடந்தது. எடுத்துவரப் போனாள். போன இடத்தில் துணிகளையும் மடித்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. பிள்ளை சமையலறையில் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருப்பது கேட்டது. வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அது பாடி மார்னி கேட்டதில்லை. பாட்டு நின்றுவிடுமோ என்று கொஞ்சம் மெதுவாகவே மடித்தாள்.

திரும்பி வந்தபோது ஐவி எழுந்து நின்றாள். கரடியைத் தரையிலேயே விட்டுவிட்டாள். நீலக் கூழ் நிறைந்த தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் அடி அடியாக நடந்து வந்தாள்.

"மார்னி," என்றாள். "இது உனக்கு."

மார்னி மண்டியிட்டாள். எந்தப் பிள்ளை விளையாட்டாகக் கொடுத்தாலும் உதட்டோடு வைத்து உறிஞ்சுவது போலச் சத்தம் போட்டுவிட்டுக் கொடுத்துவிடுவதுதான் அவள் பழக்கம். இன்றைக்கு அப்படிப் பொய்யாகக் குடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. நிஜமாகவே ஒரு மடக்குக் குடித்தாள்.

புதினா. குளிர். இலேசான ஒரு தித்திப்பு. அதற்குப் பின்னால் தொண்டையில் சுருக்கென்று ஒரு எரிச்சல்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குடா."

"நானும் குடிச்சேன். பட்டனும் குடிச்சான்."

எசன்ஸ்தான். எசன்ஸை அதிகமாகத் தெளித்துவிட்டோம், புதினா எரியத்தானே செய்யும் என்று நினைத்தாள். கோப்பையை முகர்ந்தாள். புதினா. பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். அறை முழுக்கவே புதினா நாறியதில் மூக்குக்கு வேறெதுவும் எட்டவில்லை. ஆனால் சமையல் கலர் தண்ணீரில் தித்திப்பு எங்கிருந்து வந்தது? முன்னறைக்கு ஓடினாள். டேரிலும் அந்தத் தட்டில்தான் ஒரு பாட்டில் வைத்திருப்பான். அவள் வாங்கிய செட்டிலிருந்தே ஒன்றை எடுத்து, லாரிக் கண்ணாடியில் உறையும் பனியை இளக்க, வண்டிக் கண்ணாடி கழுவும் நீல மருந்தை ஊற்றி வைத்திருந்தான். அவனுடையது வலது ஓரம், அவளுடையது இடது ஓரம். இடது ஓரத்தில் இருந்ததைத்தான் அவள் எடுத்தாள். சத்தியமாக இடது ஓரம்தானா? அவசரத்தில் மூன்றையும் ஒரே அள்ளாக அல்லவா அள்ளினாள். இப்போது தட்டு காலியாக இருந்தது.

போனை எடுத்தாள். ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தியதும் டேரிலின் குரல் செய்தி ஒன்று கேட்காமல் கிடப்பது தெரிந்தது. வந்து நேரமாகியிருந்தது.

"ஏய், என்னத்தடி ஊத்தி வெச்சிருக்க அந்த பாட்டில்ல?" லாரியின் உறுமலுக்கு மேல் அவன் கத்திச் சிரித்தான். "கண்ணாடியில அடிச்சேன், பூரா நீலமா உறைஞ்சு போச்சு! ஓரமா நிறுத்திச் சுரண்டிக்கிட்டிருக்கேன். இருட்டுல உன்னோடதை எடுத்துட்டு வந்துட்டேன் போல. சரி சரி, சாயங்காலம் பேசுறேன். சிக்னல் போகுது."

மார்னி பிள்ளைக்கு முன்னால் போய்க் குந்தினாள்.

"ஐவி. ஐவி கண்ணு. ஸ்லஷ்ஷை நிஜமாக் குடிச்சியா, சும்மா விளையாட்டுக்கா?"

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது. அதில் தெரிந்த பயம் அதற்குப் பிடிக்கவில்லை.

"சொல்லுடா. முழுங்கினியா? எவ்வளவு?"

ஐவி கரடியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "பட்டன் பேச மாட்டானாம்," என்றாள்.

அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது. நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டியது. காலையில் தின்ற புளூபெர்ரி தோசையில் அது ஏற்கெனவே ஊதாவாகத்தான் இருந்தது. மற்றபடி பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. கன்னம் சிவந்து, கண் தெளிந்து, கரடிக்குக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தது. மார்னி தொட்டியைத் தூக்கிக்கொண்டு பாத்திரம் கழுவும் குழாயடிக்கு இரண்டு எட்டு வைத்துவிட்டாள். கொட்டிவிட்டால் போயிற்று. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் போயிற்று. பாசாங்காகத்தான் குடித்திருக்கும். பிள்ளைகள் அப்படித்தானே, குடித்தேன் என்றால் விளையாட்டில் குடித்ததாக அர்த்தம். பிள்ளைக்கு ஒன்றுமில்லாதபோது ஊரைக் கூட்டுவானேன்? ஷெல்பி ஐந்து மணிக்கு வருவாள், சிவந்த கன்னத்தைப் பார்ப்பாள், கூட்டிக்கொண்டு போவாள். பிப்ரவரியில் கேஸ். "மார்னி, இது உனக்கு" என்று சொன்ன பிள்ளை இனிமேல் ராத்திரியும் இந்த வீட்டில் தூங்கும். இவ்வளவும் அவள் மனத்தில் ஓடியது. அதற்காகப் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டாள். தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, விஷத்துக்கான உதவி எண்ணைத் தேடி அழைத்தாள்.

எடுத்தது ஒரு நர்ஸ். குரலில் அவசரமே இல்லை. அதுவே மார்னிக்குப் பயமாக இருந்தது. பிள்ளையின் வயது, எடை, குடித்தது என்ன, எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மருந்து வந்த பெரிய கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னாள். மார்னி படித்தாள்.

"மெத்தனால்," என்றாள் நர்ஸ். "எவ்வளவு குடிச்சிருப்பா?"

"தெரியலை. நான் அப்போ அந்த ரூம்ல இல்லை. குடிச்சாளான்னே தெரியலை. நல்லாத்தான் இருக்கா, விளையாடுறா..."

"இப்போ நல்லாத்தான் இருப்பாங்க. அது வேலை செய்ய நேரமாகும். வேலை செய்ய ஆரம்பிச்சா கண்ணைத்தான் முதல்ல பிடிக்கும். அதுக்கு முன்னாடி மாத்து மருந்து போயிட்டா பயமில்லை. வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நான் அங்கே சொல்லி வெக்கிறேன். நீங்க குழந்தைக்கு அம்மாதானே?"

மார்னி பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்பாவோட மனைவி," என்றாள்.

"சரிம்மா. அம்மாவுக்கும் தகவல் சொல்லிடுங்க," என்றாள் நர்ஸ்.

அவளுடைய கார் வாசலில் பிணமாகக் கிடந்தது. முந்தின ராத்திரி இன்ஜின் சூடாக்கும் ஒயரை மாட்ட மறந்துவிட்டாள். இந்தக் குளிரில் அப்படி மறந்தால் மறுநாள் சாவி திரும்பாது. ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். ஊருக்கு இருக்கிற ஒரே வண்டி நெடுஞ்சாலை விபத்துக்குப் போயிருக்கிறது, அடுத்த ஊரிலிருந்து அனுப்புகிறோம், முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். டேரிலின் போன் எட்டவில்லை. இரண்டு தெரு தள்ளி, இன்ஜின் சூடாக, எந்த நேரமும் கிளம்பத் தயாராக ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன?" என்றாள் ஷெல்பி, போனை எடுத்ததும்.

மார்னி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, அழவும் இல்லை. பாட்டில் மாறிவிட்டது, அதில் விஷம், ஐவி குடித்திருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்னிடம் வண்டி இல்லை. மறுமுனையில் எதுவோ தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

ஐவிக்குப் பனிச்சட்டை மாட்டி முடிப்பதற்குள் வண்டி வாசலில் வந்து சறுக்கி நின்றது. ஷெல்பி கோட்டுப் போடாமல், கடை ஏப்ரனோடு வந்திருந்தாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "நீயும் ஏறு," என்றாள். "என்ன குடிச்சாள்னு சொல்ல அங்கே ஒரு ஆள் வேணும்." பாட்டிலையும் கேனையும் மடியில் வைத்துக்கொண்டு மார்னி முன்சீட்டில் உட்கார்ந்தாள். வழி நெடுக ஷெல்பி அவள் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். "ஐவிக் கண்ணு, அம்மா தெரியறேனா?" என்று கேட்டாள். "தெரியறே," என்றாள் ஐவி. கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் தயாராக நின்றார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஐவி போட்ட கூச்சலில் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். டாக்டரம்மா நடுவயதுக்காரி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரத்தத்தை நகரத்துக்கு அனுப்பித்தான் அளவு பார்க்கணும். ரிசல்ட் வர நாளைக்கு ஆயிடும். மாத்து மருந்து எங்ககிட்ட இருக்கிறது ரொம்பக் கொஞ்சம். இன்னொரு பிள்ளைக்குன்னு தேவைப்பட்டா கிடையாது. நக்கிப் பார்த்ததுக்கெல்லாம் எடுக்க முடியாது. அதனாலதான் கேக்கிறேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிஜமாக் குடிச்சாளா? எத்தனை வாய்?"

"யாரு பாத்தாங்க?" என்றாள் ஷெல்பி. முதல் தடவையாக மார்னி பக்கம் திரும்பினாள். "பனியை வெச்சு விளையாட்டுக் காட்டினவ துணி மடிக்கப் போயிட்டாளாம். யாருமே பாக்கலை."

மார்னியின் கை கோட்டுப் பைக்குள் இருந்த போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அது நினைவுக்கு வந்துவிட்டது. வண்டியில் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். இதை வெளியே எடுத்தால் கேஸ் இன்றைக்கே முடிந்தது. முடியட்டும்.

"வீடியோ இருக்கு," என்றாள்.

"என்னது?"

"போனை வெச்சுட்டுப் போயிருந்தேன். ஓடிக்கிட்டே இருந்துச்சு. நீங்க வேண்டாம்னு சொல்லியும் எடுத்தேன். நான் பாக்கலை. என்னால தனியாப் பாக்க முடியலை."

டாக்டரம்மா கையை நீட்டினாள். "குடுங்க."

மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரைமேல் குனிந்தன. தொட்டி. சின்னக் கைகள். முகம் வராது என்று மார்னி நினைத்ததும் பொய். முகம் முழுசாகத் தெரிந்தது. மார்னியின் கால்கள் அறையை விட்டுப் போகின்றன. ஐவி பாடுகிறாள். நீலத்தை அடி அடியென்று அடிக்கிறாள். கோப்பையில் அள்ளுகிறாள். கரடியின் வாயில் வைக்கிறாள், "குடி, குடி," என்கிறாள். பிறகு தன் வாயில் வைக்கிறாள். தொண்டை அசைகிறது. முகம் சுளிக்கிறாள், உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கிறாள், சிரிக்கிறாள். மறுபடி குடிக்கிறாள். மறுபடியும்.

டாக்டரம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. "மருந்தை ஏத்துங்க," என்று கதவுக்கு வெளியே குரல் கொடுத்துக்கொண்டே போய்விட்டாள். போனை யாரும் நிறுத்தவில்லை. ஷெல்பி அதை வாங்கித் தொடர்ந்து பார்த்தாள். "பட்டன், நீ போதும்," என்றாள் திரையிலிருந்த ஐவி. "மார்னிக்குக் கொஞ்சம் வெக்கணும்." கோப்பையை நிறைத்தாள். மார்னி திரும்பி வந்தாள், மண்டியிட்டாள், கோப்பையை வாயில் வைத்தாள்.

"நீயும் குடிச்சியா?" ஷெல்பியின் குரல் மாறியிருந்தது.

"ஒரு மடக்கு."

"எதுக்கு?"

"அவ குடுத்தா," என்றாள் மார்னி. வேறு காரணம் அவளுக்குத் தெரியவில்லை.

ஷெல்பி போனை அவள் கையில் திணித்தாள். "இதை அழிச்சிடாதே. வக்கீலுக்கு வேணும்," என்றாள். பிறகு, "டாக்டர்கிட்ட உன் ரத்தத்தையும் பாக்கச் சொல்லு," என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே எப்போது இருட்டியது என்று இருவருக்கும் தெரியவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிவிட்டதாம், ரோடு மோசம், நேரமாகுமாம். டேரிலுக்குச் செய்தி எட்டிவிட்டது. அந்த வண்டிக்கு முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டே வருகிறான் என்றார்கள். டாக்டரம்மா வந்து ஐவியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இருவரையும் வாசலுக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்: "சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்க, அது நல்லது. ஆனா ராத்திரி பூரா கண்ணைப் பாத்துக்கிட்டே இருக்கணும். மங்குதா, வெளிச்சம் கூசுதான்னு. பெரியவங்களா இருந்தா, கண்ணுக்கு முன்னால பனி கொட்டுற மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. குழந்தைக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. ஏதாவது வித்தியாசமாத் தோணுச்சுன்னா உடனே மணியடிங்க."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஷெல்பி, இந்தப் பக்கம் மார்னி. ஷெல்பி பிள்ளையின் காலை வருடிக்கொண்டிருந்தாள். யாரோ ஜெல்லி கொண்டுவந்து வைத்தார்கள். ஐவி இரண்டு கரண்டி தின்றுவிட்டுப் போதும் என்றாள். தூக்கம் சொக்கியது. ஊசி குத்திக் கட்டுப்போட்ட கை போர்வையின் மேல் கிடந்தது.

"பனி பெய்யுது," என்றாள்.

ஷெல்பியின் கை நின்றது.

"எங்கடா கண்ணு?"

"அங்க." கட்டுப்போட்ட கை கொஞ்சம் எழுந்தது. ஜன்னல் பக்கமா, கூரையா, வெறும் காற்றா, சொல்ல முடியவில்லை. "நிறையப் பெய்யுது."

மார்னி ஜன்னலைப் பார்த்தாள். பழைய கட்டிடம், ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாகவே மேலிருந்து கீழ்வரை உறைந்து வெளுத்திருந்தது. அந்தப் பக்கம் விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. காலையிலிருந்து வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. இத்தனை குளிரில் பனி பெய்யாது. பெய்யவே பெய்யாதா? காற்று கிளம்பினால் கூரையில் கிடப்பது பறக்கும். மேகம் வந்திருக்கலாம். வந்திருக்கக் கூடாதா?

"நீ பாரு," என்றாள் ஷெல்பி. எழுந்திருக்க அவளால் முடியவில்லை. "என்னால முடியாது. நீ போய்ப் பாரு."

மார்னி மணியை அடித்தாள். அடித்துவிட்டு ஜன்னலுக்குப் போய், உறைந்த கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். குளிர் எலும்பு வரை சுட்டது. எடுக்கவில்லை. நகத்தால் சுரண்டினாள், தூளாக உதிர்ந்ததே தவிர, அடியில் பனிக்கட்டி அப்படியே இருந்தது. மறுபடி கையை வைத்தாள். அவள் கை ஏற்கெனவே சில்லிட்டுக் கிடந்தது, அதில் எதையும் உருக்குகிற சூடு இல்லை. பின்னால் நாற்காலி நகர்ந்தது. ஷெல்பி பக்கத்தில் வந்து நின்று, தன் கையையும் அவள் கையை ஒட்டி வைத்தாள். நடைக்கூடத்தில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கி, இருவர் மணிக்கட்டிலும் ஓடியது. கண்ணாடி இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.